கல்லூரிப் படிப்பு எதற்காக?

பிளஸ்-2 பரீட்சை முடிவு வெளியாகும் நாள். வீட்டுக்கு வீடு பரபரப்பு.

மகள் தேறிவிட்டாள். நல்ல மார்க். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாயிற்று. இரவு சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் பேச்சு ஆரம்பமாகிறது.

"காலேஜிலே சேர்க்கணும். பணத்துக்கு என்ன வழி?" என்கிறார் அப்பா.

"என் சங்கிலி இருக்கே" என்கிறாள் அம்மா.

"சங்கிலியை அடகு வைச்சுப் படிக்க வைக்கலாம். படிச்சு முடிச்சா உத்தியோகம் கிடைக்குமா? எதிர்வீட்டுப் பையன் என்ஜினீயருக்குப் படிச்சுட்டு மூணு வருஷமா சும்மாத்தானே இருக்கான்?" என்கிறாள் பாட்டி.

அப்பாவிடம் பதில் இல்லை. கதவோரம் நின்று மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இது யார் வீடு என்று கேட்க வேண்டாம். உங்கள் வீடாகவும் இருக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளில் நடக்கும் பேச்சுதான் இது.

பாட்டி கேட்ட கேள்வி நியாயமானது. வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகும்போது, "இதனால் என்ன பயன்?" என்று கேட்காமல் இருக்க முடியுமா? ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. கல்லூரிப் படிப்பு நம் நாட்டுக்கு எப்படி வந்தது, யாருக்கு என்ன செய்தது என்று கொஞ்சம் திரும்பிப் பார்த்தால்தான் பதில் தெளிவாகும்.

கடிதத்தில் பிறந்த பல்கலைக்கழகம்

1854-ம் ஆண்டு. இந்தியாவைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்டுகொண்டிருந்த காலம். லண்டனிலிருந்து ஒரு நீண்ட கடிதம் வந்தது. கம்பெனியின் நிர்வாகத்தை மேற்பார்வை செய்த வாரியத்தின் தலைவர் சார்லஸ் வுட் என்பவரின் கல்வித் திட்டம் அது. இந்தியாவில் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தார்.

எதற்காக? மேல்நாட்டு அறிவு பரவ வேண்டும் என்பது ஒரு காரணம். சர்க்கார் வேலைக்கு நம்பகமான, திறமையுள்ள ஆட்கள் வேண்டும் என்பது இன்னொரு காரணம். இரண்டையும் ஒளிக்காமலே எழுதியிருந்தார்கள்.

மூன்று ஆண்டுகளில், அதாவது 1857-ல், கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக்கழகங்கள் தோன்றின. 'சர்வகலாசாலை' என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள். பெயர்தான் பெரிது. ஆரம்பத்தில் அங்கே பாடமே நடக்கவில்லை! கல்லூரிகளில் படித்து வருகிறவர்களுக்குப் பரீட்சை வைப்பது, தேறியவர்களுக்குப் பட்டம் கொடுப்பது. அவ்வளவுதான் வேலை.

பரீட்சை, பட்டம், உத்தியோகம். இந்த மூன்றும் அன்றைக்கே ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டன. அந்த முடிச்சு இன்னும் முழுவதும் அவிழவில்லை.

முதல் பட்டதாரி என்ன செய்தார்?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இரண்டே பேர். இருவருமே யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். ஒருவர் விசுவநாத பிள்ளை. மற்றொருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை.

தாமோதரம் பிள்ளைக்கு உத்தியோகம் கிடைக்காமல் இல்லை. அரசாங்கக் கணக்கு இலாகாவில் வேலை பார்த்தார். பிறகு சட்டம் படித்துத் தேறினார். புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். கைநிறையச் சம்பளம், ஊரில் மரியாதை. இதோடு அவர் நின்றிருந்தால் இன்று அவர் பெயர் யாருக்கும் நினைவிருக்காது.

ஆனால் அவர் வேறொரு வேலையையும் மேற்கொண்டார். பழந்தமிழ் நூல்கள் எல்லாம் அப்போது பனை ஓலைச் சுவடிகளில் இருந்தன. செல் அரித்து, தொட்டால் ஒடியும் நிலையில் பல வீடுகளின் பரண்களில் கிடந்தன. அவற்றைத் தேடி எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பிழை திருத்தி, அச்சில் ஏற்றினார். வீரசோழியம் 1881-ல் வந்தது. தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885-ல் வந்தது. கலித்தொகை 1887-ல் வந்தது.

கணக்கு இலாகாவில் அவர் போட்ட கணக்குகள் எங்கே போயினவோ தெரியாது. அவர் காப்பாற்றிய நூல்கள் இன்றும் நம் கையில் இருக்கின்றன. உத்தியோகத்துக்கு ஆள் சேர்க்க ஏற்பட்ட படிப்புதான். ஆனால் படித்தவர் அதை உத்தியோகத்தோடு நிறுத்தவில்லை.

பூட்டியிருந்த கதவு

அந்தக் காலத்தில் கல்லூரி வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. பணம் இல்லாதவருக்கு இல்லை. தாழ்த்தப்பட்ட சாதியாருக்குப் பெரும்பாலும் இல்லை. பெண்களுக்கு அநேகமாக இல்லவே இல்லை.

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர் முத்துலட்சுமி. தேவதாசிக் குடும்பத்தில் பிறந்த தாய்க்கு மகள். படிப்பில் கெட்டிக்காரி. மேலே படிக்க வேண்டும் என்றால் ஊரில் இருந்தது மகாராஜா கல்லூரி ஒன்றுதான். அதுவோ ஆண்கள் கல்லூரி. ஒரு பெண் வந்து உட்காருவதா என்று எதிர்ப்புக் கிளம்பியது. கடைசியில் புதுக்கோட்டை மன்னரே தலையிட்டு அனுமதி கொடுத்தார். அந்தக் கல்லூரியின் முதல் மாணவி அவர்தான்.

அங்கிருந்து சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார். 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று நாடு அறிந்தது.

பட்டம் பெற்ற கையோடு ஆஸ்பத்திரி வைத்துப் பணம் சேர்த்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ சென்னைச் சட்டசபையில் உறுப்பினராகி, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டார். 1947-ல் அதற்குச் சட்டம் வந்தது. ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தைத் தொடங்கினார். தம் தங்கை புற்றுநோயால் மாண்டதை அவர் மறக்கவில்லை. அதன் பயனாக 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை ஏற்பட்டது. இன்றும் எத்தனையோ ஏழைகள் அங்கே சிகிச்சைக்குப் போகிறார்கள்.

ஒரு பெண்ணுக்காக ஒரு கல்லூரிக் கதவு திறந்தது. அதனால் பயன் அடைந்தவர்களை எண்ண முடியுமா?

இன்று அந்தக் கதவு எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்று பாருங்கள். சுதந்திரம் வந்தபோது நாடு முழுவதிலும் 20 பல்கலைக்கழகங்களே இருந்தன. 2021-22-ம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 1,168 பல்கலைக்கழகங்கள். மாணவர்கள் 4 கோடியே 33 லட்சம் பேர். 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், உயர்கல்வியில் சேர்ந்தவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு 28 பேர். தமிழ்நாட்டிலோ நூற்றுக்கு 47 பேர்! ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சமம்.

இது சாதாரண விஷயம் அல்ல. கைநாட்டு வைத்த தாத்தாவின் பேத்தி இன்று கல்லூரிக்குப் போகிறாள். இதற்காக எத்தனையோ பேர் உழைத்திருக்கிறார்கள்.

தோற்றுப்போன மாணவர்

கதவு திறந்தால் மட்டும் போதுமா? உள்ளே போனவருக்கு என்ன கிடைக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

கும்பகோணத்தில் வளர்ந்த ஒரு பையன். வீட்டில் வறுமை. கணக்கில் புலி. 1904-ல் உபகாரச் சம்பளம் பெற்றுக் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தான். ஆனால் அவனுக்குக் கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலப் பாடத்தில் தவறினான். உபகாரச் சம்பளம் போயிற்று. சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தான். எப்.ஏ. பரீட்சையில் மறுபடியும் தோல்வி. கல்லூரிப் படிப்பு அத்தோடு முடிந்தது.

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 30 ரூபாய். அடுத்த ஆண்டு, தான் கண்டுபிடித்த கணக்குகளை எழுதி இங்கிலாந்தில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்கு அனுப்பினான். அவர் அயர்ந்து போனார்.

அந்தப் பையன்தான் கணித மேதை ராமானுஜன்!

இதில் ஒரு விசேஷம் உண்டு. பரீட்சையில் தவறியவர் என்று ஒதுக்கிய அதே சென்னைப் பல்கலைக்கழகம், 1913-ல் தன் விதியைத் தளர்த்திக்கொண்டது. பட்டம் இல்லாத ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் கொடுத்தது. மறு ஆண்டு அவர் கேம்பிரிட்ஜ் சென்றார். 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார்.

பரீட்சையே வேண்டாம் என்று சொல்லலாமா? கூடாது. டாக்டருக்கும் என்ஜினீயருக்கும் பரீட்சை இல்லாவிட்டால் நம் உயிருக்குப் பாதுகாப்பு ஏது? ஆனால் பரீட்சை ஒன்றே அளவுகோல் என்றால் ராமானுஜன்கள் துறைமுகத்தோடு நின்றுவிடுவார்கள்.

சுதந்திரம் வந்த மறு ஆண்டே, பல்கலைக்கழகங்களைப் பற்றி ஆராய டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு கமிஷன் அமைந்தது. ஒரே ஒரு சீர்திருத்தத்தைத்தான் சொல்ல முடியும் என்றால், பரீட்சை முறையைத் திருத்துங்கள் என்பதே தங்கள் யோசனை என்று 1949-ல் அந்தக் கமிஷன் எழுதியது. எத்தனை ஆண்டுகள் ஓடிவிட்டன! இன்னும் பல கல்லூரிகளில் கடைசி ஒரு மாதம் நோட்டை மனப்பாடம் செய்து எழுதினால் பட்டம் வந்துவிடுகிறது.

முன்பு மனப்பாடத்துக்காவது ஒரு மதிப்பு இருந்தது. 2022 கடைசியில் சாட்ஜிபிடி என்னும் கம்ப்யூட்டர் சாதனம் வந்தது. கேட்ட கேள்விக்கு நொடியில் கட்டுரை எழுதித் தருகிறது. சில சமயம் தவறாகவும் எழுதுகிறது! எது சரி, எது தவறு என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் இனி மதிப்பு. கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுப்பதுதானே கல்லூரியின் வேலை?

ஓர் இடத்துக்கு முந்நூறு பேர்

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருவோம்.

2022-ல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் குரூப்-4 பரீட்சைக்கு அறிவிப்புச் செய்தது. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற வேலைகள். அறிவிப்பில் இருந்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர்! ஓர் இடத்துக்கு முந்நூறு பேர்.

இந்தப் பரீட்சைக்குப் பத்தாம் வகுப்புப் படிப்பே போதும். ஆனால் எழுதியவர்களில் பட்டதாரிகள் ஏராளம். என்ஜினீயர்களும் உண்டு. பட்டம் பெற்றவர்கள் பெருகினார்கள். பட்டத்துக்கு ஏற்ற வேலைகள் அந்த அளவுக்குப் பெருகவில்லை.

என்ஜினீயரிங் கல்லூரிகளின் கதையும் இதுதான். 1984-ல் தனியார் சுயநிதிக் கல்லூரிகளுக்குத் தமிழ்நாட்டில் வழி திறந்தது. கல்லூரிகள் பெருகி ஐந்நூறைத் தாண்டின. கிராமத்துப் பிள்ளைகள் பலர் என்ஜினீயர் ஆனார்கள்; வெளிநாடு சென்றார்கள்; குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. இதை மறுக்க முடியாது. ஆனால் பிறகு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான இடங்கள் காலியாகக் கிடந்தன. சில கல்லூரிகள் மூடப்பட்டன. ஒரு சமயம் மெக்கானிக்கல் பிரிவுக்கு அடிதடி. இன்னொரு சமயம் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அடிதடி. சேரும்போது சந்தையில் விலைபோன படிப்பு, நான்கு ஆண்டு கழித்து வெளியே வரும்போது விலைபோகாமல் இருக்கலாம்.

கல்லூரிக்குள்ளேயும் குறைகள் உண்டு. அரசுக் கலைக் கல்லூரிகள் பலவற்றில் நிரந்தர ஆசிரியர்கள் போதவில்லை. கௌரவ விரிவுரையாளர்கள் என்ற பெயரில் தொகுப்பூதியத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள். நாளைக்கு வேலை இருக்குமோ என்று கவலைப்படும் ஆசிரியர், நிம்மதியாகப் பாடம் நடத்துவது எப்படி?

மொழி இன்னொரு தடை. பள்ளியில் தமிழில் படித்த பிள்ளை, கல்லூரியில் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்ததும் திகைத்துப்போகிறது. அறிவு இல்லாமல் அல்ல, மொழி தெரியாமல்! கேட்டால் சிரிப்பார்களோ என்று வாயை மூடிக்கொள்கிறது. 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழிலும் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் தமிழில் படித்தால் வேலை கிடைக்குமா என்ற பயம் பெற்றோரை விடவில்லை.

அப்படியானால் எதற்காகத்தான் படிப்பது?

"படிப்பு அறிவுக்காக, வேலைக்காக அல்ல" என்று மேடையில் பேசுவது சுலபம். சங்கிலியை அடகு வைத்த தாயிடம் அப்படிச் சொல்ல முடியாது. பிழைப்புக்கு வழி வேண்டும். அது முதல் நோக்கம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் இன்று கற்ற தொழில் நாளைக்கு மாறுகிறது. தட்டச்சுப் பள்ளிக்கூடங்கள் தெருவுக்குத் தெரு இருந்த காலம் போகவில்லையா? ஆகவே ஒரு வேலையைக் கற்றுக்கொள்வதைவிட, புதிய வேலை எது வந்தாலும் கற்றுக்கொள்ளும் திறமை முக்கியம். புத்தகத்தைத் தானே படித்துப் புரிந்துகொள்வது, சந்தேகம் வந்தால் கேட்பது, நாலு பேர் முன் தயங்காமல் பேசுவது, சொன்னதை அப்படியே நம்பாமல் ஆராய்வது. இவை வந்துவிட்டால் முதல் வேலை தாமதமானாலும் பிள்ளை கைவிடப்பட மாட்டாள்.

மூன்றாவதும் ஒன்று உண்டு. தாமோதரம் பிள்ளையும் முத்துலட்சுமி ரெட்டியும் செய்தது அதுதான். தான் படித்த படிப்பால் இன்னொருவருக்கும் ஏதாவது நன்மை செய்வது. எல்லாரும் ஆஸ்பத்திரி கட்ட வேண்டும் என்பதில்லை. தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம். எழுதத் தெரியாதவருக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்கலாம். கல்லூரிக்கு வரிப்பணம் கொடுத்தவர்களில் கல்லூரி வாசலையே மிதிக்காதவர்களும் இருக்கிறார்கள் அல்லவா?

சேர்க்கும் முன் இதைக் கேளுங்கள்

பெற்றோர்களுக்குச் சில யோசனைகள்.

கல்லூரியின் கட்டடத்தையும் பேருந்தையும் பார்த்து மயங்க வேண்டாம். பிள்ளை சேரும் பிரிவில் எத்தனை ஆசிரியர்கள், எத்தனை காலமாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நூலகமும் ஆய்வுக்கூடமும் மாணவர்களால் நிரம்பியிருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே படிக்கும் மாணவர் இரண்டு பேரிடம் தனியாகப் பேசுங்கள். அவர்கள் சொல்வது விளம்பரத்தில் இருக்காது.

அங்கீகாரம் உண்டா என்று விசாரியுங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிடுவது உண்டு. பணம் கட்டுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

பணத்துக்கு வழி இல்லை என்று உடனே கைவிட வேண்டாம். குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளை கலந்தாய்வு மூலம் தொழிற்படிப்பில் சேர்ந்தால் கட்டணச் சலுகை தரும் திட்டம் 2010-ல் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022-லும், பையன்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024-லும் தொடங்கின. கல்விக் கடனில் ஏழரை லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் இல்லாமல் கொடுக்க வங்கிகளுக்கு மத்திய அரசின் உத்தரவாத ஏற்பாடு இருக்கிறது. நகையைத் தூக்கிக்கொண்டு அடகுக் கடைக்குப் போவதற்கு முன், பள்ளித் தலைமை ஆசிரியரிடமும் கல்லூரி அலுவலகத்திலும் வங்கியிலும் விசாரித்துப் பாருங்கள். ஒரு நாள் அலைச்சல் ஒரு சங்கிலியைக் காப்பாற்றலாம்.

பட்டப் படிப்பு ஒன்றுதான் வழி என்றும் இல்லை. ஐ.டி.ஐ. உண்டு, பாலிடெக்னிக் உண்டு. பாலிடெக்னிக்கில் தேறியவர்கள் பிறகு நேரே என்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டில் சேர முடியும். கைத்தொழில் படித்தவன் தாழ்ந்தவன் என்ற எண்ணத்தை நாம்தான் விடவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையைக் கேளுங்கள். திண்ணையில் அப்பா பேசினார், அம்மா பேசினாள், பாட்டி பேசினாள். கதவோரம் நின்ற மகளிடம், "உனக்கு எது படிக்கப் பிடிக்கும்?" என்று யாராவது கேட்டார்களா? பிடிக்காத படிப்பில் தள்ளப்பட்ட பிள்ளை பட்டத்தோடு வரலாம். படிப்போடு வருவது கஷ்டம்.

பாட்டி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். பட்டம் வாங்கிவிட்டாலே உத்தியோகம் நிச்சயம் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நல்ல ஆசிரியரிடம், மனதுக்குப் பிடித்ததை, புரிந்துகொண்டு படித்த பெண் வீணாகப் போகமாட்டாள். தானும் பிழைப்பாள், தன்னைச் சேர்ந்தவர்களையும் பிழைக்க வைப்பாள்.

இன்று இரவு உங்கள் வீட்டுத் திண்ணையிலும் இந்தப் பேச்சு நடக்கலாம். அப்போது மகளையும் அருகில் அழைத்து உட்கார வையுங்கள். முதலில் அவள் பேசட்டும்.